நாலாம் நம்பர் படங்கு

சூரியக் குளம் என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கட்ட வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை, வாசிக்கிற உங்களுக்காவது விளங்கட்டும். பெரிய குழி ஒன்றை வெட்டி, அடியில் கெட்டியான உப்புத் தண்ணீரும் மேலே நல்ல தண்ணீருமாக நிரப்ப வேண்டும். வெயிலின் சூடு கீழே இறங்கி உப்புத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும், மேலே வர வழி தெரியாமல் அங்கேயே கிடக்கும். அந்தச் சூட்டைக் குழாய் வைத்து இழுத்து ஃபெக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டலாம், விறகு மிச்சம். குழி ஒழுகினால் மட்டும் எல்லாம் போச்சு. உப்பு மண்ணுக்குள் இறங்கி ஊற்றைக் கெடுத்துவிடும். ஆகவே தண்ணீர் கசியாத விரிப்பு ஒன்றைக் குழிக்குள் விரிக்க வேண்டும். எந்த விரிப்பு என்று தெரிவு செய்வதற்காக மலைநாட்டுச் சூரியக் குளச் செயலணி என்று ஒன்றை அமைத்தார்கள். செயலணி கடைசியில் தெரிவு செய்தது. இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

வெயில் வேண்டிய குளத்தை வெயில் இருக்கிற இடத்தில்தான் கட்டுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குக் காரியாலய வாசனையே இல்லை என்று அர்த்தம். மொனராகலையில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அங்கே அதிகாரிகள் தங்கக் குளிர்ச்சியான பங்களா இல்லை. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வழியில் மஞ்சப்பாறைத் தோட்டத்தில் உதவித் துரைமார் இருந்த பழைய சின்னத்தொரை பங்களா ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. கணப்படுப்பு, ரோஜாச் செடி, சமையற்காரன் எல்லாம் இருந்தன. வருடத்தில் பாதி நாள் அந்தத் தோட்டத்தை மூடுபனி மூடியிருக்கும். சூரியனின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கீழ் டிவிசனில் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கிற லயங்களுக்கு மேலே இருந்த மேட்டில் குழியை வெட்டினார்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் முதல் கூட்டம் நடந்தது. விடியக்காலையில் ஆட்களுக்குப் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் அன்று மேசை போட்டு, மேசைக்கு ஒரு விரிப்பும் போட்டிருந்தார்கள். செயலணி தகராறில்லாமல் தெரிவு செய்த ஒரே விரிப்பு அதுதான்.

தவிசாளர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். நல்ல மனுஷர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். வீட்டில் சாப்பாடு போதும் என்று சொல்வதற்கும் தொண்டையைக் கனைத்து, சபையோரைப் பார்த்து, காரணம் கூறித்தான் சொல்வார் என்று கேள்வி. அன்று அவர் வெகுநேரம் பேசினார். லுணு என்றால் சிங்களத்தில் உப்பு என்றும், பக்கத்து ஊரின் பெயரிலேயே உப்பு இருப்பதால் இந்தப் பிரதேசம் உப்பை வரவேற்கப் பல நூற்றாண்டுகளாகக் காத்திருந்தது என்றும் விளக்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"உப்பு எண்டது விளையாட்டில்லை. விரிப்பு ஒழுகினால் உங்கட தண்ணி கெட்டுப் போகும், தேயிலை கருகிப் போகும். அதனாலதான் சொல்லுறன், சரியான விரிப்பைத் தெரிவு செய்து விரிக்கும்வரைக்கும் ஒரு சிறங்கை உப்பும் இந்த மண்ணில விழாது. இது என்ர வாக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்த பிறகு கொழுந்தெடுக்கிற தனலெட்சுமி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிற ரகம் அல்ல. வீட்டு நிலைமை அவளை எழுப்பிவிட்டது.

அவள் புருஷன் இராசையா, தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், முந்திய வருடம் மலையிலேயே வாய் கோணி விழுந்தவர். பதுளை ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். பிரஷர். டொக்டர் தனலெட்சுமியைக் கூப்பிட்டு, இனி இந்த ஆளின் வாயில் உப்பு படக்கூடாது, இன்னொரு முறை வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றோடு வீட்டில் உப்பு நின்றது. தனக்கென்று தனியாகக் குழம்பு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் என்று உப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயா, எங்க பீலி அந்தக் குழிக்கு நேர் கீழதாங்க இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு உப்பு ஆகாதுங்க. தண்ணிக்கு ஒண்ணும் வந்துடாதுங்களே?"

பீலி என்பது மலை ஊற்றைக் குழாயில் பிடித்து விழவிடுகிற இடம். கீழ் டிவிசனுக்குக் குடிக்க, குளிக்க எல்லாம் அந்த ஒரு தண்ணீர்தான். தவிசாளருக்குக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. இதைத்தான் மக்கள் பங்களிப்பு என்பது என்று சொல்லி, கூட்டறிக்கையில் பதியும்படி செயலாளர் புவனேந்திரனுக்கு உத்தரவிட்டார். புவனேந்திரன் பதிந்தார். 'பெண்ணொருவர் கேள்வி கேட்டார்' என்று பதிந்தார்.

விரிப்புக்கு ஆறு மாதிரிகள் வந்தன. மொனராகலைப் பக்கத்து ரப்பர் ஷீட் ஒன்று. தடித்த பொலித்தீன் மெல்லிய பொலித்தீன் என்று இரண்டு. நாலாவது ஒரு கறுப்பு விரிப்பு, எந்த நாட்டிலிருந்து வந்தது என்கிற சீட்டு வழியில் கிழிந்துபோனது. ஐந்தாவது தார் பூசிய சாக்கு. ஆறாவது களிமண். உள்ளூர்ப் பாரம்பரியத்துக்கும் சம சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று யாரோ கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டதால் களிமண் உள்ளே வந்தது. கொழும்பில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்குக் கடிதம் போட்டார்கள். சூரியக் குளம் என்றால் என்னவென்று விளக்கமாக எழுதும்படி அங்கிருந்து பதில் வந்தது. அதை எழுதுவதற்கு ஓர் உபகுழு அமைத்தார்கள். உபகுழுவுக்கு அது தெரியாததால் அந்த வழி அடைபட்டது.

சித்திரை மாதத்து மழை ஒன்றில் புவனேந்திரனுக்கு ஞானம் பிறந்தது. பங்களா விறாந்தையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தவர், கொழுந்து நிறுத்துவிட்டுப் போகிற பெண்களைப் பார்த்தார். கொட்டுகிற மழையில் எல்லோரும் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருந்தார்கள். தேயிலைச் செடியின் ஈரமும் முள்ளும் அட்டையும் உடம்பில் படாமல் இருக்கச் சாக்கோ ரெட்டுத் துணியோ கிடைத்ததைக் கட்டிக்கொள்வது தோட்டத்தில் வழக்கம். புவனேந்திரன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தண்ணீரும் மண்ணும் உராய்வும் ஒருசேரப் படுகிற பரிசோதனைக் கூடம் கண்முன்னே வரிசையாக நடந்து போகிறது, நாங்கள் கொழும்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று அடுத்த கூட்டத்தில் கேட்டார். தவிசாளர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

ஆறு மாதிரிகளையும் படங்கு அளவில் வெட்டி ஆறு பெண்களுக்குக் கட்டிவிடுவது, நாள் முடிவில் உள்ளே பாவாடை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது. தீர்மானம் இதுதான். பாவாடையை யார் பார்ப்பது என்ற கேள்வியில் செயலணி இரண்டு மாதம் நின்றுவிட்டது. ஆண்கள் பார்க்கக்கூடாது என்பதில் ஒருமித்த கருத்து இருந்தது. கடைசியில் பதுளைக் காரியாலயத்திலிருந்து தர்மிளா என்ற இளம் உத்தியோகத்தரை அனுப்பச் சம்மதித்தார்கள். அவருக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வசதி. இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஊவாவில் ஆடி என்றால் கச்சான் காற்று. மழை மருந்துக்கும் கிடையாது.

அதற்காகச் சோதனையை நிறுத்த முடியுமா? செவ்வாய்க்கிழமை தோறும் ஆறு பெண்களையும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்து, ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளியால் இடுப்புக்குக் கீழே ஊற்றினார்கள். ஆவணங்களில் இதற்குச் செயற்கை மழை என்று பெயர். ஊற்றி முடித்ததும் தர்மிளா ஒவ்வொருவரையும் மறைவுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் ஈரந்தான் என்று கூசிக்கொண்டே சொல்வார். காலையிலிருந்து வெயிலில் மலையேறி இறங்கியவர்களுக்கு வியர்க்காமல் என்ன செய்யும்? ஆறு விரிப்பும் உட்புறமாகத் தண்ணீர் விடுவதாக அறிக்கையில் எழுதினார்கள்.

களிமண் ராசம்மாவின் தலையில் விழுந்தது. தலையில் என்றால் இடுப்பில். சாக்கில் களிமண்ணை அப்பிக் கட்டிவிட்டிருந்தார்கள். பாரம் தாங்காமல் அவளால் மேல்மலைக்கு ஏற முடியவில்லை, கொழுந்து குறைந்தது, கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டார். செவ்வாய்க்கிழமைப் பூவாளிக்குக் களிமண் கரைந்து அவள் கால்வழியே ஓடிற்று. மாதிரி ஆறு தானாகவே போட்டியிலிருந்து விலகிக்கொண்டதாகப் புவனேந்திரன் குறித்துக்கொண்டார். அரைப்பேரை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

தனலெட்சுமிக்குக் கட்டியது நாலாம் நம்பர். உள்ளதைச் சொன்னால், அது அருமையான விரிப்பு. ஆடி முடிந்து மழை திரும்பியபோது அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாவாடை காய்ந்தபடி வீட்டுக்கு வந்தாள். இராசையா அதைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம காம்பராக் கூரைக்கு இதில் ஒரு துண்டு இருந்தால் ராஜ வாழ்க்கைதான் என்று கோணிய வாயால் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. படங்கைக் கழுவித் துடைத்து, காம்பராவுக்குள் ஆணியில் மாட்டிவைப்பாள்.

இதற்கிடையில் அந்தப் பெண்களின் பெயர்கள் காணாமல் போய்விட்டன. படங்கின் பின்புறம் வெள்ளைப் பெயின்டால் இலக்கம் போட்டிருந்ததால் முதலில் புவனேந்திரனும் பிறகு கங்காணியும் கடைசியில் லயத்துப் பிள்ளைகளும்கூட 'நாலாம் நம்பர்' என்றே அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அதை ஒவ்வொரு செவ்வாயும் கேட்டாள்.

"நாலாம் நம்பர்தாங்க ஒழுகாம இருக்கு. அதையே குழிக்குப் போட்டுடலாங்களே?"

சோதனைக்கு உட்பட்டவர் அபிப்பிராயம் சொன்னால் சோதனை பழுதாகிவிடும், பாவனையாளரின் பேச்சு எந்த விதத்திலும் தெரிவைப் பாதிக்கக்கூடாது என்று புவனேந்திரன் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த செவ்வாயும் கேட்டாள்.

கார்த்திகை மாதம் உப்பு வந்துவிட்டது. விரிப்புக்கும் உப்புக்கும் வேறு வேறு ஒதுக்கீடு. உப்புக்கான ஒதுக்கீட்டை வருட முடிவுக்குள் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். ஒதுக்கீடு திரும்பிப் போவதைவிட ஓர் உத்தியோகத்தருக்கு அவமானம் வேறில்லை. லொறி லொறியாக உப்பு மேட்டில் ஏறியது. முதல் லொறி டிரைவர் பாறூக் எங்கே இறக்குவது என்று கேட்டார். களஞ்சிய அறையைத் திறந்து பார்த்தார்கள். செயலணியின் நாற்காலிகளும் மேசைகளும் திறப்பு விழாவுக்காக வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கும் கூரைவரை அடுக்கியிருந்தன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பாறூக் கீழே மொனராகலைக்கு இருட்டுமுன் இறங்க வேண்டும் என்று அவசரப்பட்டார். தவிசாளர் குடைக்குள் நின்று யோசித்தார். பிறகு குழியைக் காட்டினார்.

கொழுந்துக் கூடையோடு அந்த வழியாகப் போன தனலெட்சுமி நின்றுவிட்டாள். விரிப்பு போட்ட பிறகுதான் உப்பு என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள் என்று அவர் சொன்னதையே அவருக்கு ஞாபகப்படுத்தினாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எப்போதும் கோபம் வராது, அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

"இது குளத்துக்கு உப்புப் போடுறதில்லை, தங்கச்சி. களஞ்சியத்தில இடமில்லாதபடியால் இதில தற்காலிகமா வைக்கிறம். நிரந்தரமாப் போடுற உப்புக்குத்தான் விரிப்பு வேணும். தற்காலிகமா வைச்ச உப்பு தற்காலிகமாத்தான் இருக்கும்."

மஞ்சப்பாறையில் அவர் சொன்னபடி நடந்தது இந்த ஒன்றுதான். அன்று பிடித்த மழை மார்கழிவரை விடவில்லை. குழி முழுக்க வெள்ளையாகக் குவிந்திருந்த உப்பு நாளுக்கு நாள் இறங்கியது. மார்கழி நடுவில் தவிசாளர் வந்து எட்டிப் பார்த்தபோது குழியில் கலங்கல் தண்ணீரும் கிழிந்த சாக்கும்தான் கிடந்தன.

உப்பு மழையில் கரையும் என்பது அந்தச் செயலணியில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். தோன்றியிருக்கும். ஆனால் கரைந்தது என்று எழுதினால் யார் கரையவிட்டது என்ற கேள்வி வரும். களவு போனது என்று எழுதினால் அந்தக் கேள்வி வராது. ஆகவே உப்பு களவு போனது.

செயலணியின் காவலாட்கள் லயம் லயமாகச் சோதனை போட்டார்கள். ஒவ்வொரு காம்பராவிலும் சட்டியில் இருந்த உப்பை எடுத்துப் பார்த்து, இது கடை உப்பு, இது குழி உப்பு என்று தரம் பிரித்தார்கள். எல்லா வீட்டிலும் கொஞ்சம் உப்பு இருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒரு கல் உப்பும் இல்லை. அடுப்படியில் இல்லை, பரணில் இல்லை, உப்புச் சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. உப்பே இல்லாமல் ஒரு குடும்பம் சோறு தின்னுமா? எங்கேயோ மூட்டையாக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று காவலாட்கள் முடிவுகட்டி, இராசையாவைப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே விசாரணை. தவிசாளர், புவனேந்திரன், தர்மிளா மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். இராசையாவுக்கு நாற்காலி கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். அது உப்பு சாப்பிடக்கூடாது என்றுதான் சொல்கிறது, உப்பு எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்று புவனேந்திரன் சுட்டிக்காட்டினார். இராசையாவுக்கு நாக்கு சரியாகத் திரும்பாது. மெதுவாகத்தான் பேசுவார்.

"உப்பு எங்கயும் போகலீங்க ஐயா. எங்க பீலியிலதான் வந்துக்கிட்டு இருக்கு."

கீழ் டிவிசன் முழுவதும் பத்து நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தவிசாளர் பீலியிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். புவனேந்திரனிடம் கொடுத்தார். புவனேந்திரன் பார்த்துவிட்டுத் தர்மிளாவிடம் நகர்த்தினார். தர்மிளா தொடவில்லை. பரிசோதிக்காத தண்ணீரை உத்தியோகத்தர்கள் அருந்துவது சுற்றுநிருபத்துக்கு மாறானது என்று தவிசாளர் விளக்கினார். அவர்கள் குடிக்கிற தண்ணீர் பதுளையிலிருந்து போத்தலில் வந்துகொண்டிருந்தது. ஒரு போத்தலில் கொஞ்சம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பத் தீர்மானித்துவிட்டு, மிச்சக் கிளாஸை இராசையாவின் பக்கம் தள்ளினார்கள். பெரியவர்கள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லையே என்று அந்த மனுஷர் அதைக் குடித்துவிட்டு வந்தார்.

கொழும்பிலிருந்து இந்தமுறை பதில் உடனே வந்தது. தண்ணீரில் உப்பு இருக்கிறது. தவிசாளர் பெரட்டுக் களத்தில் மறுபடி மேசை போட்டார். களவு என்ற முறைப்பாட்டைப் பெருந்தன்மையோடு வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். பிறகு சபையோரைப் பார்த்தார்.

"இதில ஒரு நன்மையும் இருக்கு, நீங்கள் கவனிக்கேல்லை. இனி நீங்கள் சமையலுக்கு உப்பு வாங்கத் தேவையில்லை. திட்டம் தொடங்க முதலே அதின்ர பயன் மக்களுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. எந்தத் திட்டத்தில இப்பிடி நடந்திருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

தனலெட்சுமி எழுந்து, பவுசர் லொறியில் கொஞ்சம் நல்ல தண்ணீராவது அனுப்ப முடியுமா என்று கேட்டாள். விரிப்பு தெரிவானதும் எல்லாம் ஒழுங்குக்கு வரும் என்றார் தவிசாளர். கூட்டறிக்கையில் மறுபடியும் பெண்ணொருவர் கேள்வி கேட்டார்.

அதன் பிறகு அவள் வேலை முடிந்து வந்து குடத்தை எடுத்துக்கொண்டு மேல் டிவிசனுக்கு ஏறத் தொடங்கினாள். குறுக்குப் பாதை, மழையில் வழுக்கும். அங்கேயும் ஒரு குழாய்க்கு ஊரே வரிசை. தங்கள் ஆட்கள் பிடித்து முடித்த பிறகுதான் கீழே இருந்து வருகிறவர்களுக்கு விடுவார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு குடம் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் இறங்கி வர இருட்டிவிடும். ஒரு தரம் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள், குடத்தை மட்டும் விடவில்லை. அந்தத் தண்ணீரில் அவருக்குச் சோறு வடித்து, குடிக்கவும் மூடிவைத்துவிட்டுத்தான் தனக்குப் பீலித் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பு போட்டது போலவே இருந்தது. தவிசாளர் சொன்னதில் தப்பில்லை.

மூடிவைத்த தண்ணீர் குறையாமல் இருப்பதை அவள் கவனிக்கச் சில நாள் ஆயிற்று. அவர் கால் வீங்கியதைப் பார்த்த பிறகுதான் சந்தேகப்பட்டாள். அவள் மலைக்குப் போனதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பீலியில் குடித்துவிட்டு வந்திருக்கிறார். குடத்துத் தண்ணீர் மிஞ்சினால் மறுநாள் அவள் ஏற வேண்டியதில்லையே. அவள் தலையில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டாள். வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஏறி எறங்குறத பாத்துக்கிட்டு என்னால குந்தியிருக்க முடியல தனம். தண்ணி அப்படி ஒண்ணும் கரிக்கல."

இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி அவருக்கு இரண்டாவது தரம் வந்தது. டொக்டர் சொல்லிவைத்திருந்தது போலவே அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதுளையிலிருந்து பெட்டி வந்து சேர்ந்த நேரம் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்து இடுகாடு தேயிலைச் சரிவில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. வெட்டப் போன ஆட்களில் இரண்டு பேர் நனைந்து ஒழுகிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி வந்தார்கள். குழியில் ஊற்று கிளம்பிவிட்டதாம், வாளியால் இறைக்க இறைக்க நிறைகிறதாம், இப்படியே வைத்தால் பெட்டி மிதக்கும், விரிக்க ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்கள். லயத்தில் பொலித்தீன் துண்டுகள் இருந்தன, எல்லாம் கூரைக்கு ஏறிக் கிழிந்தவை. தனலெட்சுமி எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த படங்கை எடுத்தாள். ஒருமுறை உதறினாள். அதைப் பத்திரமாக மடித்து அவர்கள் கையில் கொடுத்தாள். ராசம்மா மட்டும், அது செயலணிச் சாமான் ஆச்சே, கேட்பார்களே என்றாள். கேட்டால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

அவர்கள் கேட்டார்கள். எட்டாம் நாளோ என்னவோ, சோதனைக் காலம் முடிந்து மாதிரிகளைத் திரும்பப் பெறுவதற்காகப் புவனேந்திரன் தர்மிளாவையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து வந்து சேர்ந்தன. ஆறு ஏற்கெனவே ஓடையில் கலந்துவிட்டது. நாலைக் காணவில்லை. காம்பரா வாசலில் அடையாளம் தெரியாமல் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தவளிடம், நாலாம் நம்பர் எங்கே என்று விசாரித்தார். அவர் கேட்டது ஆளையா விரிப்பையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"குழியில விரிச்சிருக்குங்க."

புவனேந்திரன் முகம் மலர்ந்தது. வருடம் ஒன்றாகச் செயலணியால் முடியாத காரியம் இது. ஆறு மாதிரிகளில் ஒன்றையாவது உண்மையான குழியில் விரித்துப் பார்த்திருக்கிறார்கள். பேனாவைத் திறந்தார். குழியில் நீரூற்று இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். மேலே பாரம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். தர்மிளாவுக்கு எங்கேயோ உறைத்துவிட்டது. சேர், போவோம் சேர் என்று புவனேந்திரனின் சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தார். புவனேந்திரனுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, முக்கியமான கேள்வி.

"ஒழுகுதா, இல்லையா?"

தனலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத அவருகிட்டதாங்க கேக்கணும்."

அந்த மாதக் கடைசியில் செயலணியின் கூட்டம் பங்களாவில் கணப்படுப்புக்கு முன்னால் நடந்தது. தர்மிளா வரவில்லை, இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. புவனேந்திரன் அறிக்கையை வாசித்தார். மாதிரி இலக்கம் நான்கு, நீரூற்றுள்ள குழியில், பாரத்தின் கீழ், மழைக்காலத்தில் விரிக்கப்பட்டு இன்றுவரை அங்கேயே இருக்கிறது. பாவனையாளர் இராசையா. இந்தமுறை பாவனையாளரின் பேச்சு தெரிவைப் பாதிக்க வழியே இல்லை என்பதைத் தவிசாளர் விசேடமாகப் பாராட்டினார். பாவனையாளரிடமிருந்து முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, நாலாம் நம்பர் விரிப்பை ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள்.